சூசை வழியாகச் சொல்லவும்

பிப்ரவரி 3, செவ்வாய்

தூத்துக்குடி வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜ் அறையின் மின்விசிறி ஐந்தாம் எண்ணில் மட்டுமே சுற்றுகிறது. போட்டால் புயல், நிறுத்தினால் புழுக்கம். நடுவில் ஒன்றும் கிடையாது என்று வரவேற்பில் பெருமையாகச் சொன்னார்கள்.

பெட்டிகள் இரண்டும் உடையாமல் வந்துவிட்டன. கோவையிலிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரம் மடியிலேயே வைத்திருந்ததில் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

கிளம்பும்போது முதலாளி கதிரேசன் சார் சொன்னதை மறக்காமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன். 21ஆம் தேதிக்குள், துறைமுகத்தில் கப்பல்கள் அணையும் ஜெட்டியின் தூண்களுக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில் இரண்டு டைவர்கள் ஒருவரோடு ஒருவர் பத்து நிமிஷம் தெளிவாகப் பேசிய பதிவு வேண்டும். படகோடு பேசினால் போதாது, ஒருவரோடு ஒருவர். பதிவு இருந்தால் தண்ணீருக்கடியில் பேசும் நம் செட் விற்பனைக்குப் போகும். இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, சுகந்தி, நீங்கள் பம்ப் மோட்டார் பிரிவுக்குப் போய்விடலாம் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆறு வருஷ உழைப்பு, பம்ப் மோட்டார் பிரிவு.

அம்மா போன் செய்தார். பிறகு பேசுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

இன்று ஆட்களைப் பார்த்தேன். டைவர்கள் இருவர். தொம்மை, ஐம்பத்திரண்டு வயது. கஸ்பார், ஐந்தாறு வயது இளையவர். இருவரும் முன்பு சங்கு குளித்தவர்கள். இப்போது பதினெட்டு வருஷமாக ஜோடியாக ஜெட்டித் தூண்களைப் பார்க்கும் ஒப்பந்த வேலை. தொம்மை கட்டியிருப்பது கஸ்பாரின் அக்கா பிலோமியை. படகு சூசை அண்ணனுடையது. அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. சொந்தக்காரர்கள், கூட்டாளிகள், இவர்களைவிடப் பேசிக்கொள்ள யார் கிடைப்பார்கள்?

செட்டை விளக்கினேன். கடல் தண்ணீரில் ரேடியோ அலை போகாது, செல்போனும் வாக்கிடாக்கியும் உள்ளே செத்த மாதிரிதான். அதனால் முழு முகமூடிக்குள் பேசும் குரலைக் காதுக்குக் கேட்காத உச்ச ஒலியாக மாற்றித் தண்ணீரில் அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி குரலாக்குகிறோம் என்றேன். பொத்தான் இரண்டு. சிவப்பை அழுத்தினால் படகில் இருக்கும் எனக்குக் கேட்கும். நீலத்தை அழுத்தினால் கூட்டாளிக்குக் கேட்கும், எனக்கும் ஒட்டுக் கேட்கும். மூவரும் தலையாட்டினார்கள்.

இதுவரை எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கயிறு. கஸ்பார் வெளித்தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார், தொம்மை உள்ளே போவார், நடுவில் ஒரு கயிறு. ஓர் இழுப்பு என்றால் சரி. இரண்டு என்றால் கயிற்றை விடு. மூன்று என்றால் என்னை எடு. அவ்வளவுதான் அகராதி. இதை வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 6, வெள்ளி

முதல் நாள் கடலில். சிவப்புப் பொத்தானில் இருவர் குரலும் மணி மாதிரி வந்தது. "மேடம், கேக்கா?" என்று தொம்மை கேட்டபோது படகில் நான் துள்ளியதைச் சூசை அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார்.

நீலத்தில் ஒன்றும் இல்லை. நாற்பது நிமிஷம். ஒரு சொல் இல்லை.

மேலே வந்ததும் கஸ்பாரிடம், தொம்மை அண்ணன் பேசியது கேட்டதா என்றேன். கேட்கவில்லை என்றார். தொம்மையிடம் கேட்டேன். "அவன் சத்தம் ஒண்ணும் வரல மேடம்" என்றார். கோவை நீச்சல் குளத்தில் கல்லூரிப் பிள்ளைகளை இறக்கிச் சோதித்தபோது இதே செட்டில் சினிமாக் கதை வரை பேசினார்கள்.

கதிரேசன் சாருக்கு, சிறு தடங்கல் என்று மெசேஜ் அனுப்பினேன்.

பிப்ரவரி 7, சனி

தடங்கல் எண் ஒன்று, காற்று உருளை. ஒலி அனுப்பும் முனையை முதுகுப் பக்கம் பொருத்தியிருந்தேன். ஆள் திரும்பினால் உருளையும் உடம்பும் மறைக்கும். அதைத் தோளுக்கு மாற்றினேன். அரை நாள் போயிற்று.

நீலம் ஊமை.

பிப்ரவரி 9, திங்கள்

தடங்கல் எண் இரண்டு, இறால். சத்தியமாக இறால்தான். தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிக் கூட்டத்துக்குள் விரல் நீளம் கூட இல்லாத ஒரு வகை இறால், கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கில். காதில் மாட்டினால் கடுகு வெடிப்பது போல் ஓயாத சடசடப்பு. அதை வடிகட்டும் நிரலை ராத்திரி தூங்காமல் திருத்தி, காலையில் ஏற்றினேன். சடசடப்பு பாதியாகக் குறைந்தது.

நீலம் ஊமை. தொம்மையிடம் நீங்கள் பேசினீர்களா என்று கேட்டேன். "கீழ என்ன மேடம் பேச இருக்கு, வேலையப் பாக்கோம்" என்றார். அதற்கில்லை, சோதனைக்காகவாவது பேசுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். இங்கே எல்லோரும் நன்றாகத் தலையாட்டுகிறார்கள்.

அம்மா மறுபடி. கோகிலா குழந்தைக்கு வரும் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காது குத்தாம், பொள்ளாச்சியில், அவர்கள் வீட்டில். "உன்ற தங்கச்சி உன்னைய வரச் சொன்னா கண்ணு" என்றார். வேலை இருக்கிறது, அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. வேலை இருக்கிறது, அவ்வளவுதான். அவளுக்கும் கையில் போன் இருக்கிறது.

பிப்ரவரி 11, புதன்

தடங்கல் எண் மூன்று, மூச்சுக் குமிழி. பேசும்போதே மூச்சு விட்டால் குமிழிச் சத்தம் குரலை விழுங்கிவிடும். மூச்சை விட்டு முடித்த பிறகு பேசச் சொன்னேன். தடங்கல் எண் நான்கு, வெயில். மேல் தண்ணீர் சூடு, அடித் தண்ணீர் குளிர்ச்சி, இரண்டும் சேரும் இடத்தில் ஒலி வளைந்து எங்கோ போய்விடும். அதனால் காலை ஏழு மணிக்கே இறங்கச் சொன்னேன். தடங்கல் எண் ஐந்து, தூண்கள். பன்னிரண்டு தூணிலும் பட்டுத் திரும்பி ஒரே சொல் பன்னிரண்டு தடவை வரும். எதிரொலியை வெட்டும் அளவைக் கூட்டினேன்.

நீலம் ஊமை.

இரண்டு செட்டின் ஒலி முனைகளையும் நானே கயிற்றில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, படகில் இருந்தபடி நீலத்தை அழுத்திப் பேசினேன். அந்தப் பக்கம் தொங்கிய செட்டில் என் குரல் அழகாக வந்தது. ஆக, செட் தொங்கினால் வேலை செய்கிறது, மனிதர்கள் மாட்டினால் செய்யவில்லை.

இந்த ஊர்க்காரர்களின் ஒரு வழக்கத்தையும் குறித்து வைக்கிறேன். படகில் கஸ்பார் ஒன்று சொல்ல வேண்டுமானால் சூசை அண்ணனிடம் சொல்கிறார். "சூசை, நங்கூரத்தக் கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லதுன்னு அவியள்ட்ட சொல்லும்." தொம்மை அதே பலகையில் அரை அடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். சூசை அண்ணன் திரும்பி, நங்கூரத்தைத் தள்ளிப் போடணுமாம் என்கிறார். தொம்மை, ஆகட்டும்னு அவன்ட்ட சொல்லும் என்கிறார். அதையும் சூசை அண்ணன் திருப்பிச் சொல்கிறார். பெரியவருக்குத் தரும் மரியாதை போலும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நங்கூரத்துக்குப் பத்து நிமிஷம் ஆகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

சூசை அண்ணன் வரவில்லை, பல்வலி. படகை அவருடைய தம்பி ஓட்டினார். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பார், "இந்தச் சிலிண்டர யாராச்சும் புடிச்சா நல்லாருக்கும்" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். தொம்மை பிடித்தார்.

நீலம் ஊமை. எனக்கும் பல்வலி வரும்போலிருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

இன்று செட்டின் மூடியையே திறந்தேன். ஒரு தடவை திறந்தால் மறுபடி அடைத்து, நீர் புகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் போய்விடும். அதனால்தான் இத்தனை நாள் திறக்கவில்லை. உள்ளே இருக்கும் நினைவட்டையில் எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்ற கணக்கும், பேசிய குரலும் முழுக்க இருக்கும்.

தொம்மை: சிவப்பு, நூற்றுப் பதினேழு தடவை. நீலம், பூஜ்யம்.

கஸ்பார்: சிவப்பு, தொண்ணூற்று நான்கு. நீலம், பூஜ்யம்.

எட்டு நாள். இறாலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வெயிலோடு, குமிழியோடு, பன்னிரண்டு தூணோடு. இரண்டு பேரும் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு நேரே சூசை அண்ணனிடம் போனேன். வலைக்கூடத்துப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மிகச் சாதாரணமாகச் சொன்னார். "அவிய ரெண்டு பேரும் பேசி நாலு வருசமாச்சே எஞ்சினியரம்மா. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஊருக்கே தெரியுமே என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையே என்றார். டீ சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார்.

காரணம் இதுதான். தொம்மையின் மகள் கல்யாணம். கஸ்பார் தாய்மாமன். தாய்மாமனுக்கு வீடு தேடி வந்து, தட்டில் வைத்துப் பத்திரிகை கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. கஸ்பார் கல்யாணத்துக்குப் போகவில்லை. பெண் மேடையில் தாய்மாமன் இல்லாமல் நின்றாள். அதோடு பேச்சு நின்றது. பிலோமி தம்பி வீட்டுக்குப் போய் வருகிறாள், பிள்ளைகள் பேசிக்கொள்கின்றன, இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அப்படியானால் ஏன் இன்னும் சேர்ந்து இறங்குகிறார்கள் என்று கேட்டேன். அதையும் சூசை அண்ணன் ஒரு தரம் கஸ்பாரிடமே கேட்டாராம். "அவிய கயித்த வேற ஒருத்தன் புடிக்கிறதா" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு பத்திரிகைக்காக நாலு வருஷம். படித்தவர்கள், படிக்காதவர்கள் என்றில்லை, சில பேருக்கு முறுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. நேரில் அழைத்தால் என்ன, ஆள் மூலம் அழைத்தால் என்ன, அழைப்பு அழைப்புதானே.

பிப்ரவரி 15, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். ஐந்தாம் எண் மின்விசிறிக்கு ஒரு பயன் கண்டுபிடித்தேன், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

அம்மா. "அவ நெசமாலுமே கேட்டா கண்ணு. அக்கா வருவாளான்னு." அப்படியானால் அவளே கேட்கட்டும் என்றேன். அம்மா போனை வைத்துவிட்டார். சிக்னல் சரியில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

நேருக்கு நேர் கேட்டுவிட்டேன். உங்கள் சண்டை உங்களோடு, ஒன்று முதல் நூறு வரை எண்ணுங்கள், அது போதும் என்றேன். தொம்மை, எண்ணச் சொன்னால் எண்ணுகிறோம் என்றார். எண்ணினார்கள். இருவரும் சிவப்பை அழுத்தி, எனக்கு.

வேறு டைவர் ஒருவரைக் கூட்டி வருகிறேன் என்றேன். அப்படியானால் நான் இறங்க மாட்டேன் என்று தொம்மை சொன்னார். நானும் மாட்டேன் என்று கஸ்பார் சொன்னார். நான்கு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

கதிரேசன் சார் போன். இன்னும் ஐந்து நாள் என்றார். பம்ப் பிரிவில் மேஜை காலியாக இருக்கிறதாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கயிறு இருக்கும் வரை இவர்கள் கயிற்றிலேயே பேசிக்கொள்வார்கள். ஆகவே இன்று கயிறு இல்லாமல் சோதிப்பது என்று முடிவானது. சூசை அண்ணன் வேண்டாம் என்றார். கம்பியில்லாச் செட்டைச் சோதிக்கிறோம், கயிற்றை அல்ல என்று விளக்கப்பட்டது. தொம்மை இடுப்பு வளையத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். கஸ்பார் அந்தக் கயிற்றைக் கையில் வாங்கிச் சுருட்டினார். சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "சூசை, மூணாந்தூணத் தாண்டிப் போவண்டாம்னு அவியள்ட்ட சொல்லும்."

ஆனால் அன்றைய அட்டவணையில் நான்காம் தூணின் ஆழம் எடுக்க வேண்டும் என்று இருந்தது. அட்டவணை நான் போட்டதுதான்.

இறங்கினார்கள். தண்ணீர் கலங்கல், நீட்டிய கை தெரியாது. பதினைந்தாவது நிமிஷம் பக்கத்துத் தளத்துக்கு ஒரு கப்பல் வந்தது, அதை இழுத்துக்கொண்டு இழுவைப் படகு ஒன்று. அதன் விசிறிச் சத்தத்தில் என் காதுக்குள் வேறு எதுவும் இல்லை. சிவப்பு, நீலம் எல்லாம் ஒரே இரைச்சல். நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

அட்டவணைப்படி இருபதாவது நிமிஷம் இருவரும் மேலே வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூண்களுக்கு நடுவே குமிழி ஓர் இடத்திலேயே வந்துகொண்டிருந்தது. சூசை அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த வயதில், அந்தப் பல்வலியோடு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுப்பதற்கு ஒரு கயிறு கூட இல்லை. சுருட்டி வைத்தபடி என் காலடியில்தான் கிடந்தது.

முப்பத்திரண்டாவது நிமிஷம் இரண்டு தலையும் தெரிந்தது. நான்காம் தூணில் யாரோ அறுத்துவிட்ட பழைய வலை சுற்றிக் கிடந்திருக்கிறது. தொம்மையின் உருளையும் ஒரு காலும் அதில் மாட்டியிருக்கின்றன. கஸ்பார் அறுத்து எடுத்திருக்கிறார். தொம்மையின் கணுக்காலில் ரத்தம். உருளையில் காற்று முள் சிவப்பில்.

கரைக்கு வரும்போது கஸ்பார் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "மேடம், நாளைக்குக் கயிறு உண்டுல்லா?"

உண்டு என்றேன். காலடியில் கிடந்த சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். வேலை கிடையாது. காலையில் மாதா கோயிலிலிருந்து வருகிறவர்கள் நெற்றியில் எல்லாம் சாம்பல் சிலுவை. கயிறு இல்லாமல் அனுப்பியது நான். நேற்று வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அனுப்பியது நான்தான்.

மதியம் செட்டுகளைத் திறந்து அட்டையைக் கேட்டேன். இழுவைப் படகின் சத்தம் எனக்கும் அவர்களுக்கும் நடுவில்தான் இருந்திருக்கிறது. அவர்கள் இருவருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். அந்தத் தூரத்தில் செட் வேலை செய்திருக்கிறது. இறால் இருந்தும், குமிழி இருந்தும், தூண் இருந்தும்.

முதலில் தொம்மையின் நீலம். குரல் இல்லை. வெறும் அழுத்தல், அந்தப் பக்கம் 'டிக்' என்று மட்டும் கேட்கும். மூன்று தடவை. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. மாட்டிக்கொண்ட நிலையிலும் வாயைத் திறக்கவில்லை மனிதர். ஆறு வருஷமாக நான் செய்த செட்டைக் கயிறாக்கி இழுத்திருக்கிறார்.

பிறகு கஸ்பாரின் நீலம். ஒரே ஓர் அழுத்தல். சரி.

பிறகு கஸ்பார் குரல். "அத்தான், எங்க நிக்கிய?"

பதில் வர ஏழு வினாடி, எண்ணினேன். "நாலாந்தூணு. வலை, மாப்ள."

அதன் பின் பதினோரு நிமிஷம். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை போலிருக்கிறது. கத்தி வலையை அறுக்கும் சத்தம், மூச்சு, நடுநடுவே கஸ்பார். அசையாதிய. காலத் தூக்காதிய. அப்புறம் அதே மூச்சில், தட்டில் வைத்துத் தர வேண்டிய பத்திரிகையைப் போனில் படமாக அனுப்புவார்களா என்று ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, இப்பமா?"

"இப்பம் விட்டா எப்பம் கேக்க? மேல போனா நீங்க சூசைட்டல்லா பேசுவிய."

தொம்மை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். வந்தேன். பிலோமியும் நானும் தட்டோடு வந்தோம். நீங்கள் எல்லோரும் வேளாங்கண்ணி போயிருந்தீர்கள், வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் ஒப்பந்தக்காரன் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டான், கல்யாணத்துக்கு முதல் நாள்தான் கரைக்கு வந்தேன். பிறகு பிலோமியையும் இதைச் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும்.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

அதற்கு மேல் நான் எழுதவில்லை. மேடையில் தனியாக நின்ற பெண்ணைப் பற்றிக் கஸ்பார் சொன்னதும், அதற்குத் தொம்மை சொன்னதும் எனக்குச் சொல்லப்பட்டவை அல்ல. முகமூடிக்குள் அழுதால் கண்ணாடி மங்கும், அழாதே என்று ஒருவர் சொல்கிறார். யார் என்று எழுத மாட்டேன்.

கதிரேசன் சார் கேட்டது பத்து நிமிஷம். என் கையில் பதினோரு நிமிஷம் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

பிப்ரவரி 19, வியாழன்

தொம்மைக்குக் கால் கட்டு, இறங்க முடியாது. படகிலேயே உட்கார்ந்து கேட்டேன். பதிவு இருக்கிறது, கம்பெனிக்கு அனுப்பலாமா என்று. இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

தொம்மை சொன்னார், "சூசை, அத அழிச்சிரச் சொல்லி மேடத்துட்ட சொல்லும்." இப்போது என்னோடும் சூசை வழியாகத்தான். கஸ்பார், ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். அழித்துவிட்டு, ஆறு வருஷம், இன்னும் இரண்டு நாள், பம்ப் மோட்டார் என்று சத்தமாகவே புலம்பினேன். எனக்கு வெட்கமே இல்லை. அழுதும் விட்டேன்.

கஸ்பார் கொஞ்சம் கழித்து, "சூசை, ஞாயித்துக்கெழம அக்காவக் கூட்டிட்டு வீட்டுக்கு வரச் சொல்லி அவியள்ட்ட சொல்லும்" என்றார். சூசை அண்ணன் எழுந்து நின்றார். "நான் சொல்ல மாட்டேன்வே. நாலு வருசமா எனக்கு வாய் வலிக்கி. பல்லு போனதே அதுலதான்." போய்ப் படகின் முனையில் உட்கார்ந்துவிட்டார்.

கஸ்பார் காலால் பலகையைத் தேய்த்தார். கடைசியில் தொம்மையின் கட்டுப் போட்ட காலைப் பார்த்துச் சொன்னார். "ஞாயித்துக்கெழம." தொம்மை, "ம்" என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

கால் கட்டுக்கு மேல் ரப்பர் உறை போட்டுக்கொண்டு தொம்மை இறங்கினார். வேண்டாம் என்று மூன்று பேரும் சொன்னோம், கேட்கவில்லை. கயிறு கட்டி. முடிச்சைக் கஸ்பார் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், நான் மூன்றாவது தடவை பார்த்தேன்.

கீழே போனதும் இருவருக்கும் பேச எதுவும் இல்லை. நீலத்தை அழுத்திக்கொண்டு மூச்சு விடுகிறார்கள். எனக்கு மேலே ரத்தம் கொதிக்கிறது. பிறகு கஸ்பார், அக்கா இன்னைக்கு என்ன மீன் குழம்பு வச்சா என்று கேட்டார். சாளை என்றார் தொம்மை. புளி போட்டா, மாங்காய் போட்டா? மாங்காய். மாங்காய் போட்டா சாளைக்கு ருசி ஏது என்று ஆரம்பித்தது. பதினாறு நிமிஷம். அம்மா வைப்பது, அக்கா வைப்பது, கஸ்பார் மனைவி வைப்பது, எல்லாவற்றையும் அலசினார்கள். நடுவே தொம்மை பாறைச் சிப்பியைச் சுரண்டி மூன்று தூணின் ஆழமும் எடுத்துவிட்டார்.

கதிரேசன் சாருக்கு அனுப்பினேன். மாலை போன் செய்தார். குரல் அருமை, ஆனால் தொழில் சம்பந்தமாக ஒன்றுமே இல்லையே சுகந்தி, முழுக்க மீன் குழம்பாக இருக்கிறதே என்றார். ஒருவரோடு ஒருவர் பேசிய பதிவுதானே சார் கேட்டீர்கள் என்றேன். யோசித்துவிட்டு, சரி, குழுவிடம் வைக்கிறேன் என்றார். பம்ப் மோட்டார் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, சனி

பெட்டி கட்டிவிட்டேன். மின்விசிறிக்கு விடை கொடுத்தேன். சூசை அண்ணன் பஸ் நிலையம் வரை வந்தார், ஒரு பொட்டலம் கருவாடும் கொடுத்தார். பஸ் முழுக்க என்னைத் திட்டப் போகிறார்கள்.

பஸ் கிளம்ப நேரம் இருந்தபோது அம்மா அழைத்தார். நாளைக்குக் காது குத்து என்று நினைவுபடுத்தினார். அவகிட்ட சொல்லுங்கம்மா என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். என்ன கண்ணு, என்ன சொல்லட்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கோகிலாவின் எண் மனப்பாடமாகத்தான் இருந்தது. பேசி மூன்று வருஷம் ஆகியும். அழைத்தேன். மூன்று முறை மணி அடித்ததும், அவள் எடுத்துவிடுவாளோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

கண்டக்டர் முன்பக்கத்திலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். போன் மடியில் இருந்தது. திரை எரிந்தது. கோகிலா. ஒரே ஒரு முறை மணி அடித்தது. நின்றுவிட்டது.

அவளுக்குக் கயிற்றுக் கணக்கு தெரியாது. விரல் தவறியும் பட்டிருக்கலாம். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். கோயம்புத்தூருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, பொள்ளாச்சி ஒன்று என்றேன்.